காதல் நகைச்சுவைப் படம் மேடையேறும்போது: பழைய பாட்டா, புதுப் பாட்டா?

எல்லோருக்கும் பிடித்த ஒரு காதல் நகைச்சுவைப் படத்தைப் பாடல்களோடு மேடைக்குக் கொண்டுவர வேண்டும். படத்தில் உள்ள பாடல்களையே பாடுவதா, புதிதாக எழுதுவதா, கதையை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதா, இல்லை ஏற்கெனவே யாரோ செய்து முடித்ததை உரிமம் வாங்கி நடித்துவிடுவதா? நாடகக் குழு நடத்துபவர்களும் கல்லூரி மேடைக்கு எழுதுபவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம்மிடையே இதற்கு முன்மாதிரிகள் குறைவு. நாடக அரங்குகள் நிறைந்த நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலை நடந்துவருகிறது. அங்கே எது நின்றது, எது சறுக்கியது என்பதை வைத்து நான்கு வழிகளையும் எடை போட்டுப் பார்க்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் கேட்க வேண்டியது, படத்தின் உணர்ச்சி எங்கே தங்கியிருக்கிறது என்பது. எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1940-இல் எடுத்த ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ படத்தில், முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதிக் காதலிக்கும் கதாநாயகி தபால் நிலையத்துக்கு வருகிறாள். கேமரா கடிதப் பெட்டியின் உட்புறத்திலிருந்து பார்க்கிறது. கையுறை அணிந்த கை ஒன்று உள்ளே நுழைந்து துழாவுகிறது, பெட்டி காலி. கை விலகியதும் அந்தச் சின்னச் சதுரத்தில் நாயகியாக நடித்த மார்கரெட் சல்லவனின் வாடிய முகம் தெரிகிறது. வசனம் ஒன்றுமில்லை, தேவையுமில்லை. ஆனால் ஆயிரம் பேர் அமரும் அரங்கில் கடைசி வரிசைக்காரருக்கு இந்த முகம் போய்ச் சேராது. அண்மைக் காட்சி செய்ததை மேடையில் வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும், இசை நாடகத்தில் அந்த வேலை பாட்டின் தலையில் விழுகிறது. ஆகவே படத்தின் காதல் முகத்தில் இருக்கிறதா, வசனத்தில் இருக்கிறதா, அல்லது ஏற்கெனவே பாட்டில்தான் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும்.

மற்ற அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதைக்கும் பாட்டுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது, எத்தனை பேரிடம் சிதறிக் கிடக்கிறது? எழுதவும் ஒத்திகை பார்க்கவும் எவ்வளவு காலமும் பணமும் உண்டு? நேரலையில் பாடிக்கொண்டே நகைச்சுவையும் செய்யக்கூடிய நடிகர்கள் கிடைப்பார்களா? பார்வையாளர் எதை எதிர்பார்த்து டிக்கெட் வாங்குகிறார்? கதையில் இன்று பல்லில் கல்லாக இடறும் பகுதி எவ்வளவு?

ஒரு கணக்கையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து பாடல்கள், ஒவ்வொன்றும் சுமார் மூன்றரை நிமிடம் என்றால் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பாட்டுக்கே போய்விடும். இடைவேளை நீங்கலாக இரண்டேகால் மணி நேர நாடகத்தில் மிச்சமிருக்கும் எண்பது சொச்ச நிமிடத்தில் நடனம், காட்சி மாற்றம், கைதட்டல் எல்லாம் அடங்க வேண்டும். அதாவது படத்தின் வசனத்தில் ஏறத்தாழ பாதியைக் கழித்தே தீர வேண்டும். எந்தப் பாதி என்பதில்தான் நான்கு வழிகளும் வேறுபடுகின்றன.

| மேடை வடிவம் | மூலப் படம் | பாடல்களும் கதையும் | பிராட்வேயில் ஓடியது |
|---|---|---|---|
| ‘ஷி லவ்ஸ் மி’ (1963) | ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ (1940) | புதிய பாடல்கள், பழைய கதை | 300 காட்சிகளுக்குச் சற்று மேல் |
| ‘ப்ராமிசஸ், ப்ராமிசஸ்’ (1968) | ‘த அபார்ட்மென்ட்’ (1960) | புதிய பாடல்கள், பழைய கதை | 1,281 காட்சிகள் |
| ‘சுகர்’ (1972) | ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) | புதிய பாடல்கள், பழைய கதை | 505 காட்சிகள் |
| ‘ஒன்ஸ்’ (2012) | ‘ஒன்ஸ்’ (2007) | படத்தின் பாடல்கள் | ஏறத்தாழ மூன்று ஆண்டு |
| ‘ப்ரிட்டி வுமன்’ (2018) | ‘ப்ரிட்டி வுமன்’ (1990) | புதிய பாடல்கள், பழைய கதை | 420 காட்சிகள் |
| ‘சம் லைக் இட் ஹாட்’ (2022) | அதே 1959 படம் | புதிய பாடல்கள், மாற்றிய கதை | 483 காட்சிகள் |

ஓடிய காட்சிகளின் எண்ணிக்கையைத் தரத்தின் அளவாகக் கொள்ள வேண்டாம். பட்டியலில் மிகக் குறைவாக ஓடிய ‘ஷி லவ்ஸ் மி’ பிராட்வேக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. உலகெங்கும் சிறு குழுக்கள் இன்றும் அதை நடிக்கின்றன.

## வழி 1: படத்தின் பாடல்களையே வைத்துக்கொள்வது

இது எளிதான வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது மிகச் சில படங்களுக்கே பொருந்தும் வழி.

டப்ளின் தெருவில் கிட்டார் வாசிக்கும் ஒருவனும் பியானோ வாசிக்கத் தெரிந்த செக் பெண்ணொருத்தியும் சேர்ந்து பாட்டுக் கட்டும் கதை ‘ஒன்ஸ்’. நகைச்சுவையைவிட ஏக்கம் கூடுதலாக உள்ள படம் என்றாலும் நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கதாபாத்திரங்களே இசைக்கலைஞர்கள் என்பதால் பாட்டு வரும்போது “இவர்கள் ஏன் திடீரென்று பாடுகிறார்கள்?” என்ற கேள்வி எழுவதில்லை. மேடை வடிவத்தின் இயக்குநர் ஜான் டிஃபனி தனி வாத்தியக் குழுவை வைத்துக்கொள்ளவில்லை. நடிகர்களே மேடையில் கிட்டாரும் வயலினும் வாசித்தார்கள். மேடையிலிருந்த மதுக்கூட அமைப்புக்குள் நாடகம் தொடங்கும் முன் பார்வையாளர்களும் போய் வரலாம். 2012-இல் சிறந்த இசை நாடகத்துக்கான விருது உட்பட, பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் எட்டு அதற்குக் கிடைத்தன. ஃபெரோஸ் அப்பாஸ் கான் 2016-இல் மும்பையில் மேடையேற்றிய ‘முகல்-ஏ-ஆசம்’ நகைச்சுவை அல்ல என்றாலும், அங்கும் இதே காரணத்தால்தான் படப் பாடல்கள் மேடையில் நின்றன: அனார்கலி அரசவை நடனக்காரி, அவள் பாடுவது கதைக்குள்ளேயே நிகழும் செயல்.

நம் காதல் படங்களில் பெரும்பாலானவை இப்படி இல்லை. நாயகனும் நாயகியும் கனவில் ஒரு மலைச்சரிவுக்குப் போகிறார்கள். பல்லவி, இரண்டு சரணம், மீண்டும் பல்லவி. பாட்டு முடிந்து திரும்பும்போது கதை எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. திரையில் நிலக்காட்சியும் உடையும் வெட்டும் சேர்ந்து அந்த ஐந்து நிமிடத்தை நிறைத்துவிடும். மேடையில் இரண்டு பேர் ஒரே உணர்ச்சியை மூன்று முறை சொல்லிக்கொண்டு நிற்பதாக அது தெரியும். பாட்டு எவ்வளவு அருமையானது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலும் அந்தப் பாட்டு பார்வையாளர் காதில் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் குரலிலோ எஸ். ஜானகி குரலிலோ ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஓடியாடி மூச்சிரைக்கப் பாடும் நடிகர் அந்தக் குரலோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு உரிமையில் இருக்கிறது. ஒலிப்பதிவு ஒரு நிறுவனத்திடம், கதை தயாரிப்பாளரிடம், மெட்டும் வரியும் இன்னொரு கணக்கில் என்று ஒரே பாட்டுக்குப் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கலாம். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டி பெறும் உரிமையை உறுதி செய்தது. மேடையில் பாடுவதற்கும் அனுமதி வேண்டும் என்பது 2017-இல் எஸ்.பி.பி.யின் அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தின்போது இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனபோது ஊருக்கே தெரிந்தது. கச்சேரிக்கே அப்படியென்றால் நாடகத்துக்கு இன்னும் ஒரு படி கூடுதல். அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் தரும் பொது நிகழ்ச்சி உரிமம் கச்சேரிக்குப் போதும்; அதே பாட்டை ஒரு கதாபாத்திரம் கதைக்குள் பாடினால் அதை நாடக உரிமையாகக் கருதி உரிமையாளரிடமே நேரடியாகப் பேச வேண்டும். டொரண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ தமிழ்ச் சங்க மேடைக்குத் திட்டமிடுபவர்கள் அந்தந்த நாட்டு விதியை அரங்க முன்பதிவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாட்டு கதைக்குள்ளேயே நடக்கிற படம், பாடகர்களையும் மெல்லிசைக் குழுவையும் கல்யாணக் கச்சேரியையும் பற்றிய படம் என்றால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம்.

## வழி 2: கதையை வைத்துக்கொண்டு புதிய பாடல்கள் எழுதுவது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், காரணமும் சொல்கிறேன்.

லூபிட்சின் படத்தில், மனமுடைந்து படுத்திருக்கும் கதாநாயகியைப் பார்க்கக் கதாநாயகன் அவள் வீட்டுக்கு வருகிறான். தன்னோடு ஒரே கடையில் வேலை பார்த்துக்கொண்டு எந்நேரமும் சண்டை போடும் இவன்தான் தன் கடித நண்பன் என்பது அவளுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவன் இருக்கும்போதே கடிதம் வருகிறது, அவள் படிக்கிறாள், முகம் மலர்கிறது, நாயகனாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காட்சி முழுவதும் இரண்டு முகங்களில் நடந்து முடிகிறது. 1963-இல் இதை ‘ஷி லவ்ஸ் மி’ ஆக்கிய இசையமைப்பாளர் ஜெர்ரி பாக், பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக், வசனம் எழுதிய ஜோ மாஸ்டராஃப் ஆகிய மூவரும் அந்த இடத்தில் ஒரு டப்பா வெனிலா ஐஸ்கிரீமை வைத்தார்கள். அவன் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவள் முகமறியாத நண்பருக்குக் கடிதம் எழுத உட்காருகிறாள். முந்தைய இரவு அந்த நண்பர் வராமல் போனதைப் பற்றி எழுதத் தொடங்கினால் பேனா ஐஸ்கிரீமுக்குப் போகிறது. திருத்திக்கொண்டு மறுபடி தொடங்கினால் அதைக் கொண்டுவந்தவனுக்குப் போகிறது. பாட்டுத் தொடங்கும்போது அவன் அவளுக்கு எதிரி. உச்ச ஸ்தாயியில் அது முடியும்போது அவள் மனம் இடம் மாறிவிட்டது, அவளுக்கே அது பிடிபடாத நிலையில் அரங்கம் முழுவதும் அதைப் பார்த்துவிட்டது. பார்பரா குக் அன்று பாடிய அந்தப் பாட்டை இன்றும் சோப்ரானோ எனப்படும் உயர் ஸ்தாயிக் குரல் உள்ள நடிகைகள் குரல் தேர்வுக்குக் கொண்டுபோகிறார்கள்.

பாட்டுக்குள் ஒருவர் மனம் மாறுவது நமக்கு அந்நியமான உத்தி என்று நினைக்க வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேடனாக வரும் முருகனும் தினைப்புனம் காக்கும் வள்ளியும் ஆர்மோனியத்தோடு மாறி மாறிப் பாடித் தர்க்கம் செய்கிறார்களே, அது பாட்டிலேயே நடக்கும் காதல் சண்டை. ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருவர் ஓரடி ஏறுகிறார் அல்லது இறங்குகிறார். இசை நாடகத்துக்குப் பாட்டு எழுத உட்காருபவர் திரைப்பட டூயட்டைவிட அந்தத் தர்க்கப் பாட்டைக் கேட்டுவிட்டு உட்காருவது மேல்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம். புதிய பாட்டு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்பது கூட்டத்தின் முன் பாடிப் பார்க்கும்வரை தெரியாது, அதனால்தான் பிராட்வேக்கு முன் வேறு ஊரில் முன்னோட்டக் காட்சிகள் போடுகிறார்கள். ‘ப்ராமிசஸ், ப்ராமிசஸ்’ 1968-இல் பாஸ்டனில் முன்னோட்டம் கண்டபோது இரண்டாம் பாதிக்கு ஒரு பாட்டு குறைந்தது. இசையமைப்பாளர் பர்ட் பேக்கராக்கோ நிமோனியாவுடன் மருத்துவமனையில் கிடந்தார். வெளியே வந்ததும் அவர் மெட்டமைக்க, ஹால் டேவிட் காதல் சலிப்பைப் பற்றிய வரிகளுக்குள் நிமோனியாவையே ஒரு நகைச்சுவையாக நுழைத்தார். அந்த நாடகத்திலிருந்து ஊரெங்கும் பரவிய பாட்டும் அதுவாகவே ஆனது. 2010-இல் அந்த நாடகத்தை மீண்டும் போட்டவர்கள், நாயகி வேடத்துக்குப் போதிய பாடல்கள் இல்லை என்று கருதி, அதே ஜோடியின் வேறு இரண்டு புகழ்பெற்ற பாடல்களைச் சேர்த்தார்கள். பாடல்கள் இனிமையானவை, ஆனால் அந்தப் பெண்ணின் அந்த நேரத்து நிலைமைக்காக எழுதப்பட்டவை அல்ல.

இன்னொரு செலவு, பார்வையாளரின் ஏமாற்றம். ‘ப்ரிட்டி வுமன்’ படத்துக்குப் பெயர் கொடுத்ததே ராய் ஆர்பிசனின் 1964 பாட்டு. பிரையன் ஆடம்ஸும் ஜிம் வாலன்ஸும் புதிய பாடல்கள் எழுதிய மேடை வடிவம் 2018-இல் தொடங்கியபோது அந்தப் பாட்டு அதில் இல்லை, பிறகு சேர்த்தார்கள். தலைப்பிலேயே ஒரு பாட்டை வாக்குறுதி கொடுத்துவிட்டு அதைத் தராமல் விடுவது எவ்வளவு நல்ல இசையமைப்பாளருக்கும் கடினமான தொடக்கம்.

படத்தில் மௌனங்கள் நிறைய இருந்தால் இந்த வழி பொருந்தும். கதாபாத்திரங்கள் மனதில் உள்ள எல்லாவற்றையும் வசனத்திலேயே கொட்டிவிடும் படம் என்றால் பாட்டுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அத்தகைய படத்தைப் பாட்டில்லாத நாடகமாகப் போடுவதே உத்தமம்.

## வழி 3: கதையையும் மாற்றி எழுதுவது

பழைய காதல் நகைச்சுவைகளில் இன்று சிரிக்க முடியாதவை உண்டு. பின்னாலேயே அலைந்து ‘மடக்குவது’, உடல் தோற்றத்தைக் கேலி செய்வது, ஆண் பெண் வேடமிட்டாலே சிரிப்பு வந்துவிடும் என்ற எண்ணம். இவற்றை வெட்டினால் பல படங்களில் கதையே நிற்காது. அப்போது புதிய காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

பில்லி வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ இரண்டு முறை இசை நாடகமானதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது. 1972-இன் ‘சுகர்’ படத்தின் கதையையே பின்பற்றியது. பெண் வேடத்தில் ஒளியும் இரு ஆண்களின் தவிப்புத்தான் அதன் சிரிப்பு. ஐம்பது ஆண்டு கழித்து வந்த வடிவத்தில் மேத்யூ லோபஸும் ஆம்பர் ரஃபினும் அந்த வேடத்தை ஒருவருக்கு வேடமாகவே விட்டுவைக்கவில்லை: உயிருக்குப் பயந்து டாஃப்னியாக மாறும் ஜெர்ரி, தான் தேடிக்கொண்டிருந்த தன்னை அங்கே கண்டுகொள்கிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜே. ஹாரிசன் கீ டோனி விருது பெற்றார். விமர்சகர்களின் பாராட்டும் நான்கு டோனிகளும் கிடைத்தன. ஆனால் சுமார் 1.75 கோடி டாலர் முதலீட்டை மீட்காமலே 2023 டிசம்பர் 30 அன்று நாடகம் முடிந்தது. நல்ல திருத்தம் கல்லாப்பெட்டிக்கு உத்தரவாதமல்ல என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’. 1995-இல் படத்தை இயக்கிய ஆதித்ய சோப்ராவே அதை ‘கம் ஃபால் இன் லவ்’ என்ற பெயரில் 2022-இல் சான் டியாகோவின் ஓல்ட் குளோப் அரங்கில் மேடையேற்றினார். விஷால்-சேகர் புதிய இசை அமைத்தார்கள். நெல் பெஞ்சமின் கதையையும் ஆங்கிலப் பாடல் வரிகளையும் எழுதினார். படத்தின் நாயகி சிம்ரன் சிம்ரனாகவே இருந்தாள். ஷாருக் கான் நடித்த ராஜ் மட்டும் ரோஜர் என்ற வெள்ளை அமெரிக்க இளைஞன் ஆனான். புலம்பெயர்ந்த இரண்டு இந்தியப் பிள்ளைகளின் கதையாக அந்தப் படத்தைத் தங்களுடையதாக்கிக்கொண்டவர்கள் கோபப்பட்டார்கள். மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை: இரு பண்பாடுகள் சந்திக்கும் கதை வேண்டும் என்றால் அந்த மாற்றத்துக்குத் தருக்கம் உண்டு, 2025-இல் மான்செஸ்டருக்கு வந்தபோதும் ரோஜர் ரோஜராகவே வந்தார். ஆனால் படத்தின் நினைவை நம்பி டிக்கெட் விற்றுவிட்டு அந்த நினைவின் மையத்திலேயே கை வைப்பதற்கு ஒரு விலை உண்டு, அது பட்ஜெட் தாளில் எங்கும் எழுதியிருக்காது.

உரிமையும் இங்கே சிக்கலாகலாம். ‘சுகர்’ தயாரிப்பாளர் டேவிட் மெரிக்குக்கு முதலில் வைல்டர் படத்தின் உரிமை கிடைக்கவில்லை; அதற்கு முன்பே வந்திருந்த ஒரு ஜெர்மன் படத்தின் உரிமையை வாங்கி வேலையைத் தொடங்கினார். துரத்தும் ரவுடிக் கூட்டம் வைல்டர் தரப்பின் கற்பனை என்பதால் அதைத் தொட முடியாது. பிறகு உரிமை கிடைத்ததும் எழுதியதை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. உங்கள் படத்துக்கும் பின்னால் ஒரு நாவலோ மேடை நாடகமோ வேறு மொழிப் படமோ இருந்தால், எந்தச் சம்பவம் யாருடைய சொத்து என்று முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும்.

## வழி 4: ஆயத்த நாடகத்துக்கு உரிமம் வாங்குவது

கல்லூரிக் குழுக்களுக்கும் முதல் முறை இறங்குபவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ‘ஷி லவ்ஸ் மி’, ‘லீகலி ப்ளாண்ட்’, ‘ஒன்ஸ்’ போன்றவற்றுக்கு மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் உரிமம் தருகிறது. வசனப் பிரதியும் இசைக் குறிப்பும் கைக்கு வந்துவிடும். எந்தப் பாட்டு எங்கே வேலை செய்யும் என்பதை ஏற்கெனவே பல நூறு கூட்டங்கள் சோதித்திருக்கின்றன. ‘ஷி லவ்ஸ் மி’ போன்ற பெரும்பாலும் ஒரே கடைக்குள் நடக்கும் கதை சிறிய மேடைக்கும் ஏற்றது.

விலை, சுதந்திரம். ஒரு சொல்லையும் அனுமதியின்றி மாற்றக் கூடாது. பாட்டை நீக்கக் கூடாது. புடாபெஸ்ட் வாசனைத் திரவியக் கடையைப் பாண்டி பஜாருக்குக் கொண்டுவரவும் கூடாது. தமிழில் போடுவதென்றால் மொழிபெயர்ப்புக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். எழுதிய தமிழ் வரிகள் உங்களுக்குச் சொந்தமாகாமல் போகவும் வாய்ப்பு உண்டு, ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள்.

## எந்தச் சூழலில் எது

மூன்று மாதமும் இருபது மாணவர்களும்தான் கையில் உள்ளது என்றால் நான்காவது வழி. குழுவில் வாத்தியம் வாசிக்கும் நடிகர்கள் இருந்து, படமும் இசைக்கலைஞர்களைப் பற்றியது என்றால் முதல் வழி. ஆனால் பாட்டுரிமைக் கடிதம் கைக்கு வரும்வரை போஸ்டர் அடிக்க வேண்டாம். உரிமையாளர் உங்கள் பக்கம் இருந்து, தலைமுறை மாறிவிட்ட கதை என்று எல்லோருக்கும் தெரிந்த படமாக இருந்தால் மூன்றாவது வழியைத் துணியலாம். அப்போதும் மாற்றத்தை விளம்பரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஓராண்டுக்குக் குறையாத அவகாசமும் ஒரு இசையமைப்பாளரின் பொறுமையும் கிடைத்தால் இரண்டாவது வழிக்குப் போங்கள். பாட்டெழுதும் முன் படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பார்த்து, கதாபாத்திரம் பேசாமல் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஏழெட்டு இடமாவது தேறினால் அவற்றில் மூன்றுக்கு மட்டும் முதலில் பாட்டெழுதி, ஒரு ஆர்மோனியமோ கீபோர்டோ வைத்து, உடையும் அரங்க அமைப்பும் இல்லாமல் முப்பது பேர் முன்னால் பாடிக் காட்டுங்கள். படம் பார்க்காதவர்கள் அந்த முப்பது பேரில் பாதியாவது இருக்கட்டும்.